கடல் கடந்த ஊர்களும் ஒரே பட்டியலில்: இன்சேயின் ஊர்க் குறியீட்டுக் கோப்பு

பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, ஆண்டுதோறும் ஜனவரி 1 நிலவரப்படி நாட்டின் எல்லா ஊர்களுக்கும் மாவட்டங்களுக்கும் பிராந்தியங்களுக்கும் அதிகாரப்பூர்வக் குறியீட்டுப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. சுருக்கமாக சி.ஓ.ஜி. என்பார்கள். விலை கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம், இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பாரிசுக்கு வடக்கே என் அக்கா ஒரு மளிகை, பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறார். அதன் இணைய ஆர்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். முகவரிப் படிவம், வரிக் கணக்கு, பார்சல் லேபிள் மூன்றும் இந்தக் கோப்பை நம்பித்தான் ஓடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் எங்களுக்கு இந்த அளவுக்கு உழைத்ததில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவுக்காரர்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழி வந்தவர்கள். அந்தக் கப்பல்கள் பல புறப்பட்டது புதுச்சேரியிலிருந்தும் என் ஊரான காரைக்காலிலிருந்தும்தான். இன்று அவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்கு முன்பே குத்துவிளக்கும் சாம்பிராணியும் கரை வேட்டியும் கேட்டு ஆர்டர் வந்துவிடும்.

இந்த ஆர்டர்களுக்கு முதல் தடை ‘நாடு’ என்ற பெட்டி. உலக நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் ரீயூனியனுக்குத் தனி எழுத்துகள் இருப்பதால், தயார்நிலையில் விற்கப்படும் கடை மென்பொருள்கள் பிரான்சை ஒரு நாடாகவும் ரீயூனியனை இன்னொரு நாடாகவும் காட்டும். பிரான்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் ஐரோப்பியப் பெருநிலத்துக்கான பார்சல் கட்டணத்தைப் போட்டுவிடும். ரீயூனியன் என்று தேர்ந்தெடுத்தால் ‘உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை’ என்று சொல்லிவிடும். ரீயூனியனின் சென்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: “அதிபர் தேர்தலில் நானும்தான் ஓட்டுப் போடுகிறேன். என் ஊரை ஏன் வெளிநாட்டோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?” அவர் கேட்டது முழுக்க நியாயம்.

இன்சேயின் கோப்பில் அந்த அநியாயம் கிடையாது. 2025 ஜனவரி 1 நிலவரப்படி 34,875 ஊர்கள், அதாவது கொம்யூன்கள், ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. மாவட்டங்கள் 101: ஐரோப்பாவில் 96, கடல் கடந்து 5. பிராந்தியங்கள் 18: ஐரோப்பாவில் 13, கடல் கடந்து 5. கடல் கடந்த ஐந்தின் மாவட்ட எண்கள்: குவாதலூப் 971, மார்த்தினிக் 972, (பிரெஞ்சு) கயானா 973, ரீயூனியன் 974, மயோத் 976. பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்-தெனி 93066. ரீயூனியனின் தலைநகர் சென்-தெனி 97411. இரண்டுக்கும் அதே நெடுவரிசைகள், அதே வடிவம். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று காட்டும் குறி எதுவும் இல்லை. 1946 மார்ச் 19 சட்டம் குவாதலூப், மார்த்தினிக், கயானா, ரீயூனியன் ஆகிய நான்கு பழைய காலனிகளை மாவட்டங்களாக்கியது. அந்தச் சட்டத்தை அவையில் முன்வைத்துப் பேசியவர் மார்த்தினிக் கவிஞர் எமே செசேர். அந்தச் சமத்துவம் அன்றாட வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் இடறுகிறது. இந்தப் பட்டியலிலாவது அது ஒழுங்காக நிறைவேறியிருப்பது எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

சரி, அன்றாட வேலைக்கு இது எப்படி உதவுகிறது? ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் பார்சல் போய்ச் சேராது. சென்-பியேர் என்ற ஊர் ரீயூனியனில் இருக்கிறது, மார்த்தினிக்கில் இருக்கிறது, கனடா பக்கத்திலுள்ள சென்-பியேர்-மிக்லோன் தீவுகளிலும் இருக்கிறது. ஐரோப்பியப் பக்கத்தில் இருப்பவை தனி. சென்-ஜோசப், சென்-மாரி என்று ரீயூனியனும் மார்த்தினிக்கும் பங்கிட்டுக்கொள்ளும் பெயர்கள் இன்னும் உண்டு. குறியீட்டைப் பார்த்தால் குழப்பமே இல்லை: 97416, 97225, 97502.

ஆனால் ஊர்க் குறியீடு வேறு, அஞ்சல் குறியீடு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்தக் கோப்பைத் தொடக் கூடாது. ரீயூனியனில் இரண்டுமே 974-இல் தொடங்கும் ஐந்து இலக்கங்கள் என்பதால் ஆபத்து அதிகம். அஞ்சல் குறியீடு 97410 என்றால் தெற்கே சென்-பியேர். ஊர்க் குறியீடு 97410 என்றால் கிழக்கே சென்-பெனுவா. அஞ்சலில் 97420 ல போர். ஊர்ப் பட்டியலில் 97420 சென்-சூசான். அஞ்சலில் 97413 மலைகளுக்கு நடுவிலுள்ள சிலாவோஸ். ஊர்ப் பட்டியலில் 97413 கடற்கரையிலுள்ள சென்-லே. முன்பு நாங்கள் வாங்கியிருந்த ஒரு மென்பொருள் இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து வைத்திருந்தது. வாடிக்கையாளர் 97410 சென்-பியேர் என்று சரியாக எழுதினாலும், அது ஊரைச் சென்-பெனுவா என்று ‘திருத்தி’ லேபிள் அடித்துவிடும். பூசைக்குக் கேட்ட சாமான் தீவின் மறுகரையைச் சுற்றிக்கொண்டு நாள் கழிந்து போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இன்சே கோப்பில் அஞ்சல் குறியீடே கிடையாது. பிரெஞ்சு அஞ்சல் துறை இலவசமாகத் தரும் அஞ்சல் குறியீட்டுப் பட்டியலில் ஊர்க் குறியீடும் உண்டு. இரண்டையும் அதை வைத்து இணைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் குறியீடு தபால்காரரின் வசதிக்காக வந்தது, ஊரின் சட்ட நிலையை அது சொல்லாது என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கூடுதலாக ஒரு நெடுவரிசை தந்திருக்கலாம்.

சட்ட நிலை என்றேன். இந்தக் கோப்பின் பெரிய பலம் அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரான்சின் கடல் கடந்த பகுதிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. அரசியலமைப்பின் 73-ஆம் பிரிவின் கீழ் வருபவை மேலே சொன்ன ஐந்தும். பாரிசில் இயற்றும் சட்டம் அங்கே தானாகவே செல்லும், உள்ளூர் நிலைமைக்கு ஏற்பச் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம். 74-ஆம் பிரிவின் கீழ் வரும் பிரெஞ்சு பாலினேசியா, வாலிஸ்-புட்டூனா, சென்-பியேர்-மிக்லோன், சென்-மார்த்தன், சென்-பார்த்தெலெமி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்ட ஏற்பாடு. நியூ கலிடோனியா இரண்டிலும் சேராது. அதற்கு அரசியலமைப்பில் தனித் தலைப்பே இருக்கிறது.

ஐந்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மார்த்தினிக்கும் கயானாவும் 2016 முதல் மாவட்ட அவையையும் பிராந்திய அவையையும் ஒன்றாக்கிவிட்டன. ரீயூனியனில் இரண்டும் தனித்தனி. கோப்பில் இதற்கென ஒரு நெடுவரிசை: ரீயூனியன் ஊர்களுக்கு 974D, அதாவது மாவட்ட அவை, மார்த்தினிக் ஊர்களுக்கு 972R. ரீயூனியன் தனித்து நிற்கும் இன்னொரு விஷயமும் உண்டு, அதற்குப் பின்னால் தமிழ் வம்சாவளி அரசியல்வாதி ஒருவர் இருக்கிறார். சென்-ஆந்த்ரே மேயராக இருந்த ழான்-போல் விராப்பூலே, 2003 அரசியலமைப்புத் திருத்தத்தின்போது செனட்டராக இருந்தார். உள்ளூர் அவைகளே சில துறைகளில் சட்ட விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரம் ரீயூனியனுக்குப் பொருந்தாது என்ற வரியை 73-ஆம் பிரிவில் சேர்க்க வைத்தவர் அவர். பெருநிலத்தோடு கட்டிய கயிறு தளரக் கூடாது என்பது அவர் கவலை. அந்த வரி தீவின் கையைக் கட்டிவிட்டது என்று எதிர்ப்பவர்களும் அங்கே நிறைய.

கடைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்றால், வரிக்கு. பெருநிலத்தில் வாட் வரி பொதுவாக 20 சதவீதம். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப்பில் 8.5. கயானாவிலும் மயோத்திலும் வாட் வசூலிப்பதே இல்லை. வாட் விஷயத்தில் இந்த ஐந்துக்கும் அனுப்புவது ஏற்றுமதி போலத்தான்: சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும், அங்கே இறங்கும்போது ‘ஒக்த்ருவா த மேர்’ என்ற கடல்வரி வேறு. அதன் விகிதத்தை உள்ளூர் அவை தீர்மானிக்கிறது. அதனால் ஊர்க் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்து, பெட்டி வீட்டுக்கு வரும்போது சுமாராக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நாங்கள் முன்கூட்டியே காட்டிவிடுகிறோம்.

இங்கேதான் சென்-மார்த்தன் உதாரணம். இந்தத் தீவின் வடபாதி பிரான்சு, தென்பாதி நெதர்லாந்து முடியாட்சி. பிரெஞ்சுப் பாதி முன்பு குவாதலூப் மாவட்டத்தின் ஒரு கொம்யூன், குறியீடு 97127. பக்கத்துத் தீவான சென்-பார்த்தெலெமி 97123. 2007-இல் இரண்டும் குவாதலூப்பிலிருந்து பிரிந்து, தங்கள் வரியைத் தாங்களே விதித்துக்கொள்ளும் தனிப் பகுதிகள் ஆயின. இன்சே புதிய எண் கொடுத்தது: 97801, 97701. அஞ்சல் குறியீடு மட்டும் பழையபடியே 97150, 97133. அஞ்சல் எண்ணை நம்பும் மென்பொருளுக்கு 971 என்று கண்டதும் குவாதலூப்தான், உடனே 8.5 சதவீதம் போட்டுவிடும். ஊர்க் குறியீட்டை நம்பினால் 978 என்று வரும், அது தனிப் பகுதி என்று தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் சி.ஓ.ஜி.க்கு மாறச் சொல்வேன்.

குறை என்று பார்த்தால், 74-ஆம் பிரிவுப் பகுதிகளும் நியூ கலிடோனியாவும் முக்கியக் கோப்பில் இல்லை. அவற்றுக்குத் தனிக் கோப்பு, நெடுவரிசைப் பெயர்களும் வேறு. சட்டப்படி அவை மாவட்டம், பிராந்தியம் என்ற அடுக்கில் வராதவை என்பதால் காரணம் விளங்குகிறது. ஆனால் புதிதாக வருபவர் முதல் கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டு ‘பிரான்சு முழுதும் வந்துவிட்டது’ என்று இருந்துவிடுவார். பிரெஞ்சு பாலினேசியாவின் தலைநகர் பாப்பேத்தேயும் நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமேயாவும் அவருடைய பிரான்சில் இருக்காது. இறக்கும் பக்கத்தின் தலையிலேயே இதைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் தனிக் கோப்பைத் திறந்து பார்ப்பதே ஒரு சந்தோஷம். வாலிஸ்-புட்டூனாவில் கொம்யூன்களே கிடையாது. உவேயா, அலோ, சிகாவே என்ற மூன்று ராச்சியங்களின் பெயர்கள்தான். குடியரசுக்குள் மரபுவழி அரசர்களை 1961 சட்டம் இன்றுவரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நியூ கலிடோனியாவின் 33 கொம்யூன்களில் போயா என்ற ஒன்று வடக்கு மாகாணத்திலும் தெற்கு மாகாணத்திலும் பிரிந்து கிடக்கிறது. 984 என்பது நிரந்தரக் குடிகளே இல்லாத தென்முனைப் பகுதி: கெர்கலென், குரோசே, அன்டார்டிகாவின் அதெலி நிலம் எல்லாம் அதில் அடக்கம். அதன் நிர்வாகத் தலைமையகம் ரீயூனியனின் சென்-பியேரில் இருக்கிறது. 989 என்பது மெக்சிகோவுக்கு மேற்கே ஆளே இல்லாத கிளிப்பர்ட்டன் பவளத் தீவு. யாரும் சாம்பிராணி கேட்கப் போவதில்லை. ஆனாலும் விட்டுவிடாமல் எண் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு கோப்பு 1943 முதல் ஊர்களில் நடந்த மாற்றங்களைச் சொல்கிறது: எது எதோடு சேர்ந்தது, எது பெயர் மாறியது, என்றைக்கு என்று. 2025 ஜனவரி 1 அன்று பியேர்ஃபித் என்ற ஊர், பாரிசுக்குப் பக்கத்துச் சென்-தெனியோடு சேர்ந்தது. எங்கள் உள்ளூர் வாடிக்கையாளர்கள் பலருடைய ஊர் ஒரே இரவில் மாறியது. மாற்றக் கோப்பை ஓடவிட்டதும் பழைய முகவரிகள் எல்லாம் தாமாகச் சரியாகிவிட்டன. இந்தக் கோப்புக்கு மட்டும் குறையே சொல்ல மாட்டேன்.

காரைக்கால்காரிக்கு இதில் ஒரு தனி ஒட்டுதல் இருப்பதை மறைக்க முடியவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று சிதறிக் கிடந்த நான்கும் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் வந்தன. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் திருநள்ளாறும் நெடுங்காடும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தான். ரீயூனியனின் 24 கொம்யூன்களைப் பட்டியலில் பார்க்கும்போது, எங்கள் பக்கத்து ஊர்களின் கூடப் பிறந்தவர்கள் என்றே தோன்றும்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்காதீர்கள். முன்னால் இருக்கும் பூச்சியத்தை அது விழுங்கிவிடும், 01 என்பது 1 ஆகிவிடும். குறியீடுகளை எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமியுங்கள். கோர்சிகாவின் இரண்டு மாவட்டங்களுக்கும் 2A, 2B என்றுதான் பெயர். பிராந்திய எண்ணையும் மாவட்ட எண்ணையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்: பிராந்தியத்தில் 01 என்றால் கரீபியக் கடலின் குவாதலூப், மாவட்டத்தில் 01 என்றால் ஜெனீவா எல்லையோரத்து ‘ஏன்’ (Ain) மாவட்டம். முக்கியக் கோப்பு, கடல் கடந்த பகுதிகளின் கோப்பு, மாற்றக் கோப்பு மூன்றையும் ஒரே ஆண்டுப் பதிப்பில் எடுங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் ஊர்க் குறியீட்டோடு அது எந்த ஆண்டுப் பட்டியல் என்பதையும் எழுதி வையுங்கள். ஊர் சேர்ந்தாலும் பிரிந்தாலும் பழைய ரசீதை அப்போதுதான் சரியாகப் படிக்க முடியும்.