14416 டெலி மானஸ்: கம்பம், குமுளி பக்கத்துக் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மனச்சோர்வில் கிடப்பவரைப் பார்த்து வீட்டார் பதறுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். தேனி பக்கம் க.விலக்கு அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள். அந்த இடைவெளிக்கு ஏற்றது, 14416 என்ற எண்ணில் போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டாரும் கூப்பிடலாம். முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுவார்.

ஆனால் ஆலோசகருக்கு ஆளின் முகம் தெரியாது. நாம் சொல்வதை வைத்துத்தான் ஆபத்தை எடைபோட முடியும். "ஒரு மாதிரியா இருக்கார், சாப்பிடல" என்று தொடங்கினால் முக்கியமானது கடைசியில்தான் வரும். முன்பு எப்போதாவது தற்கொலைக்கு முயன்றிருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கப்படுவதும் அதுதான், ஆபத்தில் மிகக் கனமானதும் அதுதான். அடுத்து, "இனி ஒண்ணும் மாறாது" என்ற பேச்சு, நாள்கணக்கில் தூக்கமின்மை, குடி, தீராத வலி, குடும்பத்தில் வேறு யாராவது தற்கொலையால் இறந்திருப்பது. ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறுகிறவர் பத்து நாளாகப் போகாமல் இருந்து, வளர்த்த ஆட்டையும் திடீரென்று தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாமான்களைப் பிரித்துக் கொடுப்பது விடைபெறும் அறிகுறியாக இருக்கலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் "தேறிட்டாரு" என்று கண்காணிப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில்தான் ஆபத்து கூடுதல். மனச்சோர்வு மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை, மாத்திரை தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் நெருங்கிக் கவனிக்க வேண்டும். படபடப்பு கூடினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூப்பிடுமுன் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது: "உசிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்ற பயம் தவறு. கேட்ட பிறகு குறுக்கே பேசாமல் காத்திருங்கள். "ஆமா" என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டு ஆலோசகரிடம் சொல்லுங்கள். திட்டம் இருந்தால் தனியாக விடக்கூடாது. தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே வெளியேற்றுங்கள், மாத்திரைகளை இன்னொருவர் கையில் வைத்து வேளாவேளைக்குக் கொடுங்கள். அந்த உந்துதல் பலருக்குக் கொஞ்ச நேரமே உச்சத்தில் நிற்கும்; அதைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும்.

இந்தச் சேவையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வீடு தேடி ஆள் வரமாட்டார்கள். உயிருக்கு ஆபத்தாக ஏதாவது செய்துவிட்டிருந்தாலோ, செய்யப்போகும் நிலையில் இருந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் வேலையில் இருப்பவர்களுக்குக் கேரள அரசின் சுகாதார உதவி எண்ணான திசா 1056 இருக்கிறது. எடுத்ததும் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். எந்த எண்ணில் பேசினாலும் மறுநாள் காலை மனநலப் பிரிவுக்கு நேரில் கூட்டிப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரை அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, கூடவே ராத்திரி அவரைப் பார்த்துக்கொண்ட ஆள், மூன்றும் போக வேண்டும்.