மெஷினில் 92, உருக்கினால் 64: கொலுசில் போச்சு 18,080 ரூபாய்

கடைப் பெயர் போடவில்லை. வெள்ளி மட்டும் விற்கிற நடுத்தரக் கடை, அவ்வளவுதான்.

கொலுசு ஜோடி 160 கிராம். பலகை விலை கிராம் 200, ஆக 32,000. செய்கூலி கிராமுக்கு 25 வீதம் 4,000. ஜிஎஸ்டி 3 சதவீதம் 1,080. மொத்தம் 37,080. "92.5 தானே?" என்று, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளிதானே என்று கேட்டதற்குக் கடைப் பையன் வாயால் பதில் சொல்லவில்லை. கொலுசை எடுத்து, எக்ஸ்ரே பாய்ச்சிச் சுத்தம் அளக்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷினுக்குள் வைத்து, மூடியைச் சாத்தி, திரையை நம் பக்கம் திருப்பினான். வெள்ளி 92.1. அதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்? பணம் கட்டியாச்சு.

மூன்றாவது வாரம் கண்ணி விட்டது. பற்ற வைக்கக் கொடுத்தால், பத்தர் முறிந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழு இழுத்துக் காட்டினார். மேலே பால் வெள்ளை, உள்ளே இளஞ்சிவப்பு. செம்பு! உருக்கிப் பார்த்ததில் 157 கிராம் கட்டி, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு) 64. சொக்க வெள்ளி 100 கிராம்தான். கிராம் 190 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள்: 19,000. மிச்சம் 18,080 காலி.

மெஷின் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எக்ஸ்ஆர்எஃப் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கொலுசைச் சூடுகாட்டி அமிலத்தில் போட்டு எடுத்தால் மேலே இருக்கும் செம்பு கரைந்துவிடும், சுத்த வெள்ளித் தோல் நிற்கும். நாலைந்து தடவை செய்தால் போதும். முலாம் போட்டாலும் இதே கதைதான். போதாததற்குக் கொலுசில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைப்பு. பற்றவைக்கிற பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காகவே அதில் செம்பும் துத்தநாகமும் கூட இருக்கும். அதனால் தகடு நல்ல டச்சாக இருந்தாலும் உருக்கினால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கொஞ்சம்! 92 எங்கே, 64 எங்கே?

நியாயமாகவே கணக்குப் போடுவோம். செய்கூலியும் வரியும் எங்கே விற்றாலும் திரும்பாது. 92.5 ஆக இருந்திருந்தால் 148 கிராம் வெள்ளி, 28,120 வந்திருக்கும். அப்படிப் பார்த்தாலும் வெள்ளியிலேயே அடித்தது 9,120. கையை விட்டுப் போனது 18,080.

திரும்பப் போனால்: "உருக்கினா எல்லா வெள்ளியும் குறையும்மா." அடுத்த நாள்: "மெஷின்ல நீங்களே பாத்தீங்கல்ல?" மூன்றாம் நாள்: "உருக்கிட்டு வந்தா நாங்க எப்படிப் பொறுப்பு?" நாலாம் நாள் ஓனர் திருப்பதி போய்விட்டார். பில்லை நீட்டினால், "இதுல 92.5னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்கிறார்கள். உண்மைதான், 'வெள்ளிக் கொலுசு 160 கி' என்று மட்டும் இருக்கிறது.

குறைந்த டச் குற்றமில்லை. சேலத்துப் பட்டறைகளில் பல டச்சில் கொலுசு போடுகிறார்கள். 65ஐ 65 என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? 2025 தொடக்கத்தில் கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி அக்டோபரில் 200ஐத் தாண்டியது. கலக்குகிற ஒவ்வொரு கிராம் செம்புக்கும் லாபம் இரட்டிப்பு.

வாங்கப் போகிறவர்களுக்கு, அவசரமாக:

பில்லில் டச் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

925 என்று குத்தியிருப்பதை நம்பாதீர்கள், அந்த அச்சை எவனும் குத்தலாம். தங்கத்துக்குப் போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாக எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு, வந்திருக்கிறது. அது இருந்தால் ஹால்மார்க் தருகிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

மெஷினில் வைக்கும் முன் கொக்கிப் பக்கம் உள்புறமாக அரம் போடச் சொல்லுங்கள், பிறகு அளக்கட்டும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், செம்பும் ஒட்டாது.

எல்லாவற்றுக்கும் மேல், புகார் கொடுக்கும் முன் உருக்கிவிடாதீர்கள். நான் உருக்கினேன், பொருளே இல்லாமல் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.