எட்டு ஆண்டுகளாக பக்ஸில்லா: முன்னுரிமைப் பெட்டியோடு என் சண்டை

போன வாரம் எங்கள் சர்வரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் போட்டு, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, மென்பொருள் பிழைகளைப் பதிந்துவைக்கும் பக்ஸில்லா மறுபடியும் திரையில் வந்தபோது இரவு மணி பதினொன்று. மறுநாளே தண்டையார்பேட்டை நண்பர் போனில் கேட்டார்: "நாங்களும் ஐந்து பேர்தான். இதைப் போட்டுக்கொள்ளலாமா?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் துணிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். பிழைகளைப் பதிய எட்டு ஆண்டுகளாக பக்ஸில்லாதான். 1998இல் மோசில்லா திட்டத்துக்காக (ஃபயர்பாக்ஸ் உலாவி வந்தது அங்கிருந்துதான்) பிறந்தது. முகமும் அந்தக் காலத்து முகம். அது எனக்குக் குறையே இல்லை. இலவசம், சட்டென்று திறக்கிறது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை ஒரு வரி விடாமல் வைத்திருக்கிறது.

என் மனக்குறை எல்லாம் முன்னுரிமைப் பெட்டியைப் பற்றியது. ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு பெட்டிகள். தீவிரம் என்பது மென்பொருளுக்கு விழுந்த அடி எவ்வளவு என்பது. முன்னுரிமை என்பது எதை முதலில் கையில் எடுப்பது என்பது. இரண்டையும் பிரித்து வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். 2025 செப்டம்பர் 22 முதல் துணிமணிக்கு ஜிஎஸ்டி மாறியது: ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. எங்கள் மென்பொருள் தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்த்து வரியை முடிவு செய்துகொண்டிருந்தது. 2,600 ரூபாய் சுடிதாரைப் பத்து சதவீதத் தள்ளுபடியில் 2,340க்கு விற்றால் வரி 117 ரூபாய். நாங்கள் போட்டது 421 ரூபாய் 20 காசு. எதுவும் உறையவில்லை, எதுவும் அழியவில்லை. தீவிரம் "நார்மல்"தான். ஆனால் அக்டோபர் 20 தீபாவளி. கல்லா முன்னால் வாடிக்கையாளர் பில்லை நீட்டிச் சண்டை போடுகிறார். அதே நாளில் பட்டியலில் ஒரு "கிரிட்டிகல்" இருந்தது: ஆண்டுக் கணக்கு அறிக்கையை எடுத்தால் மென்பொருள் மூடிக்கொள்ளும். மார்ச் வரை அதை யாரும் தொடப் போவதில்லை. ஒரே பெட்டி இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்திருப்போம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கெடுக்க பக்ஸில்லாவிலேயே உள்ள ஓர் அமைப்பு (செட்டிங்) போதும். பிழையைப் பதிபவரே முன்னுரிமையையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் நிறுவியவுடன் கிடைக்கும் நிலை. தன் பிழை இரண்டாவதாக வரட்டும் என்று எவரும் சொல்வதில்லை. எங்கள் பட்டியலில் முக்கால்வாசி "ஹையஸ்ட்" என்று நின்றது. எல்லாமே முதலிடம் என்றால் வரிசை என்று ஒன்று எதற்கு? அந்த அமைப்பை அணைக்க முடியும் என்பதே எனக்குத் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின. நிர்வாகப் பக்கத்தில் நீண்ட பட்டியலுக்குள் கிடக்கிறது. அணைத்தபின் தலைப்பிலேயே "மிக அவசரம்" என்று எழுத ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றை என்னால் மறக்க முடியாது. ஒரு கடைக்காரர் பில் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். கடைப் பெயரின் முதல் எழுத்து "பொ". சிறிய பிரின்டரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம். "தம்பி, இது என் தாத்தா பெயர்" என்றார், அவ்வளவுதான். அவர் போனபின் பார்த்தால் அந்தப் பிழை ஏற்கெனவே பதிவில் இருந்தது: தீவிரம் "டிரிவியல்", அதாவது அற்பம், பதினான்கு மாதங்களாக. போட்ட பையன்மேல் தவறில்லை. எழுத்துப்பிழை, கோணல்மாணல் வரி போன்றவற்றுக்குத்தான் அந்தச் சொல் என்று பக்ஸில்லாவின் விளக்கமே சொல்கிறது. முன்னுரிமைப் பெட்டியை யாரும் தொடவில்லை. தீவிரத்தைப் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். அன்று மாலையே அதை முதலிடத்துக்கு ஏற்றினேன். சரிசெய்ய இரண்டு நாள்கூட ஆகவில்லை.

நண்பரிடம் கேட்டேன்: "தினமும் காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரர்களோடு பேசி, அந்த ஒரு பெட்டியை மட்டும் நிரப்ப உங்களிடம் ஆள் இருக்கிறாரா?" இல்லை என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன். ஐந்து பேருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்; இதைப் போட்டுவிட்டு நான்கு ஆண்டுகளை இழக்க வேண்டியதில்லை.

நான் மாறப் போவதில்லை. நேற்று ரிச்சி தெருவில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன், பேக்கப்புக்கென்று தனியாக.