ஆபீஸ் பாட்டில், டின் விற்று நன்கொடை: குயின்ஸ்லாந்தின் 'கன்டெய்னர்ஸ் ஃபார் சேஞ்ச்' எப்படி?

ஆபீஸில் குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பாட்டிலும் டின்னும் ஒரு நல்ல காரியத்துக்குப் பணமாகட்டும் என்று நினைப்பவர்களுக்கு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 'கன்டெய்னர்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற காலி பாட்டில் திட்டத்தைவிட நேரான வழி இல்லை. திட்டம் 2018 நவம்பர் 1 முதல் நடக்கிறது. காலி பாட்டில் ஒன்றுக்கு 10 சென்ட். அதைக் கையில் வாங்கலாம், உங்கள் கணக்குக்கு அனுப்பலாம், அல்லது திட்டத்தில் ஒரு தொண்டு அமைப்புக்கு உள்ள எண்ணைச் சொன்னால் நேராக அவர்களுக்கே போய்விடும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் 2020 அக்டோபர் 1 முதல் இதே பெயரில் உண்டு. இங்கே பேசுவது குயின்ஸ்லாந்து விதிகளை வைத்து.

இந்த 10 சென்டை யாரும் சும்மா கொடுப்பதில்லை. பானக் கம்பெனிகள்தான் திட்டத்துக்குப் பணம் கட்டுகின்றன, அது நாம் வாங்கும் விலையில் ஏறித்தான் வருகிறது. நகராட்சியின் மஞ்சள் மூடித் தொட்டியில் பாட்டிலைப் போட்டாலும் அது மறுசுழற்சிக்குப் போகும், ஆனால் அதற்கான பணம் குப்பை பிரிக்கும் ஆலைக்கும் நகராட்சிக்கும்தான். நீங்கள் நினைத்த அமைப்புக்கு வர வேண்டுமென்றால் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

எவ்வளவு தேறும்? 40 பேர் இருக்கும் ஆபீஸில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்றால் வாரம் 200, அதாவது 20 டாலர். வருடத்தில் 48 வேலை வாரங்களுக்கு 960 டாலர். பாதிப் பேர் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள், இன்னும் கொஞ்சம் தவறான தொட்டிக்குப் போகும். 400, 500 டாலரை எதிர்பார்த்து ஆரம்பியுங்கள். ஒரு பெரிய அறக்கட்டளைக்கு இது கடலில் கரைத்த பெருங்காயம். உள்ளூர் உணவு வங்கிக்கோ, வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கோ அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு நோட்டுக்கும் வேலை இருக்கிறது. சிறு குழுக்களும் இந்தத் திட்டத்தில் பதிவு செய்து தங்களுக்கென்று எண் வாங்கிக்கொள்ளலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்று சொல்லிக்கொள்பவர்களை மட்டும் ஆஸ்திரேலியத் தொண்டு நிறுவன ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எண் முறைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 'சி10' என்று தொடங்கும் அந்த எண்ணை, காலி பாட்டிலை வாங்கும் டெப்போவில் சொன்னால் போதும், பணம் யார் கையிலும் நிற்காது. ஆபீஸ் வசூலில் வழக்கமாக வரும் "காசு எங்கே போச்சு?" என்ற கேள்வியே எழாது.

எது செல்லும் என்ற பட்டியலுக்குப் பாதி மதிப்பெண்தான். 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பெரும்பாலான பான பாட்டில், டின், அட்டைப்பெட்டி செல்லும். 2023 நவம்பர் 1 முதல் கண்ணாடி ஒயின், சாராய பாட்டில்களும் சேர்ந்தன. ஆனால் ஆபீஸ் பேன்ட்ரியில் அதிகமாகத் தீர்வது என்ன? பாலும் காபியும். சுவை சேர்க்காத பாலின் பாட்டில் செல்லாது, காகித காபிக் கப்பும் செல்லாது. 1 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள சுத்தமான பழச்சாறு பாட்டிலும் செல்லாது. ஆபீஸில் பாட்டில் சேர்க்க வைக்கும் தொட்டிக்கு மேலே இந்த மூன்றின் படத்தையும் ஒட்டி, குறுக்கே சிவப்புக் கோடு போடுங்கள். 'செல்லும்' பட்டியலைவிட இதுதான் அதிகம் உதவும்.

இந்திய, இலங்கை மளிகைக் கடைகளில் வாங்கும் மாம்பழச்சாறு, ஜிஞ்சர் பீர் எல்லாம் குழப்பும். லேபிளில் 10 சென்ட் வாசகம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பார்கோடு பக்கத்தில் இருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வந்த பாட்டிலை, பார்கோடு பார்த்துக் காலி பாட்டில் வாங்கும் மெஷின் திருப்பித் தள்ளிவிடும்.

மெஷினில் போடுவதாக இருந்தால் டின்னை நசுக்கவே கூடாது. இடம் மிச்சமாகட்டும் என்று காலால் மிதித்துப் போடுவார்கள், பார்கோடு மடங்கிவிடும், மெஷினால் படிக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐஸ் பெட்டியில் ஊறிய பீர் பாட்டில்களுக்கு வேறு தொல்லை. லேபிள் உரிந்து ஐஸ் தண்ணீரோடு போய்விடும், வெறும் கண்ணாடியைக் கையால் எண்ணும் டெப்போவிலும் மறுக்கலாம். பாட்டிலை ஐஸிலிருந்து எடுத்ததும் துடைத்து நிமிர்த்தி வையுங்கள். உடைந்ததற்குப் பணம் கிடையாது.

தொட்டி நாற்றத்துக்கு முக்கால்வாசிக் காரணம் ஒரே பொருள்: ஐஸ்டு காபி பாட்டில். அடியில் ஒரு விரல் அளவு பால் நிற்க, மூடியைத் திருகிப் போட்டுவிடுவார்கள். வெயில் காலத்தில் வெள்ளிக்கிழமை போட்டது திங்கட்கிழமைக்குள் புளித்து உப்பி, மூடியைத் திறந்ததும் அறை முழுக்க வீசும், சின்ன ஈக்களும் மொய்க்கும். அப்புறம் யாரும் அந்தத் தொட்டிப் பக்கம் போக மாட்டார்கள். அதனால் தொட்டியை சிங்க் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், பிரின்டர் பக்கத்தில் அல்ல. மூடியைக் கழற்றி, ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்தால் போதும், சோப்பு வேண்டாம். கழற்றிய மூடிக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா வையுங்கள்.

கண்ணாடிக்குத் தனித் தொட்டி. ஒரு காலி பீர் பாட்டில் ஏறக்குறைய 200 கிராம். 60 பாட்டில் சேர்ந்தாலே பை 12 கிலோ, அதற்கு மேல் அடி கிழியும். டின் 15 கிராம்கூட இல்லை, 100 டின்னை ஒரு விரலில் தூக்கலாம்.

பையாகக் கட்டி விட்டுவிட்டு வரும் இடங்களில் அவர்கள் பிறகுதான் எண்ணுவார்கள். உங்கள் எண்ணிக்கையும் அவர்களுடையதும் ஒத்துப்போகாத நாள் வரும், ஆகவே கட்டும்போதே எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பையில் ஒட்டிய சீட்டு கழன்றால் பை யாருடையது என்றே தெரியாது. பையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், அமைப்பின் எண்ணை அழியாத மார்க்கரால் பை மேலேயும் எழுதிவிடுங்கள். சில இடங்களில் ஆபீஸுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். குறைந்தது எத்தனை வேண்டும், கட்டணம் கழிப்பார்களா, இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கும் அமைப்பு நடத்தும் டெப்போ இருந்தால் அங்கேயே போங்கள். எண்ணுகிற வேலையும் ஒருவருக்குச் சம்பளமாகும்.

தொட்டி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவில் ஆபீஸைச் சுத்தம் செய்ய வருபவரிடம் பேசுங்கள். சொல்லாவிட்டால் எல்லாத் தொட்டியையும் கொட்டுவதுபோல் இதையும் கொட்டிவிடுவார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த பாட்டில்களை அவரே இத்தனை நாள் பொறுக்கி டெப்போவில் போட்டு, வாரம் பத்து இருபது டாலர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் தொட்டியே வைக்காதீர்கள். நன்கொடைக்கு வேறு வழி பார்த்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் அலசி அவருக்காக எடுத்து வையுங்கள்.