க்னுபிளொட்டில் சின்னக் கோடு போட்டு ஆறு வருசம்

மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்தேன், புது வன்தட்டோடு வந்தது. தரவு வேறிடத்தில் இருந்ததால் தப்பியது. கட்டளை எழுதி வரைபு கீறும் க்னுபிளொட் மென்பொருளுக்கு ஆறு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சேர்த்த தொடக்கக் கோப்பு, அதாவது அது திறக்கும்போதே ஓடும் கட்டளைகள், அதுதான் போய்விட்டது. அதே கிழமை பார்த்து நண்பன் கேட்கிறான், "மச்சான், வரைபு கீற எது நல்லம்?"

நான் கீறுவது கிணற்று நீரில் நைத்திரேற்று, மாதாமாதம். நிலைக்குத்து அச்சுக்கு 'செட் ஒய்டிக்ஸ் 20' என்றால் இருபதுக்கு இருபது பெரிய கோடு விழும். சரி. இடையில் ஐந்துக்கு ஐந்து சின்னக் கோடு வேண்டுமென்று 'செட் எம்ஒய்டிக்ஸ் 5' போட்டால் நாலுக்கு நாலு விழும், ஏனென்றால் முதலாவதில் எண் என்பது இடைவெளி, இரண்டாவதில் அதே எண் எத்தனை துண்டு என்பது. கையேட்டில் இது கோடுகளின் எண்ணிக்கை அல்ல என்று அழுத்தியே எழுதியிருக்கிறார்கள். அழுத்தி எழுதவேண்டி வந்தபோதாவது யோசித்திருக்கலாம். ஒருமுறை 40-க்கு மேலே இரண்டாவது கோட்டை 50 என்று எண்ணி, 48 இருந்த கிணறு உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தொட்டுவிட்டது என்று மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லி, பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பைதன் மொழியில் வரைபு கீறும் மட்பிளொட்லிப்பில் இந்த விசர் வேலை இல்லை. கோடு எங்கே விழவேண்டும் என்று சொல்லும் கட்டளை அங்கே மல்டிபிள்லொக்கேற்றர்; அதற்கு 5 என்றால் ஐந்துக்கு ஐந்துதான், சின்னக் கோட்டுக்கும் அப்படியே. ஆனால் கிடை அச்சில் 'தை' என்று எழுதிப் பார்த்தேன். என்னிடமிருந்த பதிப்பில் 'த' முன்னுக்கு நிற்க, கொம்பு அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. சித்திரைக்கும் அதே கதி. க்னுபிளொட்டில் படத்தை வெளியே எடுத்துத் தரும் கெய்ரோ முனையத்தில் தை தையாகவே வந்தது. முதல்நாள் அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். நைத்திரேற்று அவவுக்கு விளங்கவில்லை, மாதங்களை வாசித்தா.

அதிலும் ஒரு வில்லங்கம். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று பெயரைக் கையால் கொடுத்தவுடன் சின்னக் கோடுகள் தாமாக வராது. மிச்ச எட்டு மாதத்துக்கும் வெற்று மேற்கோள், மாத எண், கடைசியில் சின்னக் கோடு என்று காட்ட ஒரு 1 என்று ஒவ்வொன்றாக அடிக்கவேண்டும். அந்த எட்டும்தான் தொலைந்த கோப்பில் இருந்தன.

நண்பனுக்குச் சொன்னேன்: நீ ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறாய், மட்பிளொட்லிப்பை எடு, க்னுபிளொட் பக்கமே வராதே. சொல்லிவிட்டு வந்து திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது ஆவணியில் நிற்கிறேன்.