இங்கிலீஷ் டெஸ்ட் தயாரிக்கிற இடத்துல சம்பளத்தோட சம்மர் இன்டர்ன்ஷிப்: போகலாமா?

அப்ளைட் லிங்குவிஸ்டிக்ஸ், டெசோல் (வேற தாய்மொழிக்காரங்களுக்கு இங்கிலீஷ் கத்துக் குடுக்கிற படிப்பு), எஜுகேஷன் மெஷர்மென்ட் மாதிரி ஏதாவது மாஸ்டர்ஸோ பிஎச்டியோ படிச்சிட்டு இருக்கீங்க, லீவுல என்ன பண்றதுன்னு தெரியலன்னா இந்த வேலைக்கு தாராளமா அப்ளை பண்ணுங்க. ஆனா எல்லா இன்டர்ன்ஷிப்பும் ஒண்ணு இல்ல. எதைக் கேட்டுட்டு சேரணும்னு யாரும் முன்னாடியே சொல்றதில்ல, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் வேலை பார்த்த இடத்தோட பேரைப் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதோட சேரும்போதே ரகசியம் காப்போம்னு கையெழுத்து வாங்கிடுவாங்க. கீழ உதாரணமா வர்ற கேள்விகள் எதுவும் நிஜ டெஸ்ட்ல இருக்கிறது கிடையாது, அதே மாதிரி நானே மாத்தி எழுதினது.

வேலை என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். வேற தாய்மொழிக்காரங்க யுனிவர்சிட்டியில சேரவோ, வேலைக்குப் போகவோ, வேற நாட்டுல குடியேறவோ இங்கிலீஷ் டெஸ்ட் எழுதுறாங்க இல்லையா, அந்த டெஸ்ட்டுக்கான கேள்விகளைத் தயார் பண்றதுதான் வேலை. உள்ள யாரும் கேள்வின்னு சொல்ல மாட்டாங்க, ஐட்டம்னுதான் சொல்லுவாங்க. சரியான விடை கீ, தப்பான ஆப்ஷன் எல்லாம் டிஸ்ட்ராக்டர். முதல் வாரம் முழுக்க ஸ்பெக்குன்னு ஒரு டாக்குமெண்ட்டைப் படிக்க வைப்பாங்க. பாசேஜ் எத்தனை வார்த்தை இருக்கணும், எந்த லெவல் வார்த்தை வரலாம், ஒவ்வொரு ஐட்டமும் எந்தத் திறமையை அளக்குது, கீ எத்தனை தடவை ஏ-ல வரலாம்னு எல்லாமே அதுல இருக்கும். லெவல்னா பெரும்பாலும் கவுன்சில் ஆஃப் யூரோப் 2001-ல வெளியிட்ட அந்த ஏ1-லேருந்து சி2 வரைக்குமான ஆறு படிதான். படிக்க போர் அடிக்கும், ஆனா அந்த டாக்குமெண்ட்டை ஒழுங்கா படிச்சவங்களுக்கும் மேலோட்டமா பார்த்தவங்களுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டாவது வாரமே பளிச்சுனு தெரிஞ்சிடும்.

இந்த மொத்த இன்டர்ன்ஷிப்புலயும் சம்பளத்தை விடப் பெரிய விஷயம்னு நான் சொல்றது ஐட்டம் ரிவ்யூ மீட்டிங்கைத்தான். நீங்க எழுதின ஐட்டத்தை ஸ்கிரீன்ல போடுவாங்க, கீ எதுன்னு காட்ட மாட்டாங்க. வருஷக்கணக்கா இதே வேலை பார்க்கிறவங்க நாலஞ்சு பேரு முதல்ல டெஸ்ட் எழுதுறவங்க மாதிரி விடை எழுதுவாங்க, அப்புறம் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஏன் சரி ஏன் தப்புன்னு காரணம் சொல்லுவாங்க. எழுதினவர் அது முடியுற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. இது ரொம்ப நல்ல ரூல்னு நினைக்கிறேன், ஏன்னா டெஸ்ட் ஹால்ல உங்க ஐட்டம் தனியாதான் நிக்கப் போகுது, பக்கத்துல நின்னு நீங்க விளக்கம் சொல்ல முடியாது.

கூட இருந்த ஒரு இன்டர்ன் எழுதின கிராமர் ஐட்டம் ஒண்ணு கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு: "டோன்ட் ஒர்ரி, ____ தி லெட்டர்." ஆப்ஷன்ஸ்ல "ஐ ஹாவ் ஆல்ரெடி சென்ட்", "ஐ ஆல்ரெடி சென்ட்", அப்புறம் சந்தேகமே இல்லாம தப்பான ரெண்டு. முதலாவதுதான் கீ. பார்த்தா சாதாரண பாடப்புத்தகக் கேள்வி மாதிரிதான் இருக்கு, ஸ்கூல்ல நாம எல்லாரும் படிச்ச அதே பிரசன்ட் பர்ஃபெக்ட். ஆனா அமெரிக்கன் இங்கிலீஷ்ல "ஐ ஆல்ரெடி சென்ட்"னு சொல்றது சர்வ சாதாரணம், யாரும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஆக ரெண்டு கீ ஆயிடுச்சு. அமெரிக்கன் டிவி பார்த்து இங்கிலீஷ் கத்துக்கிட்ட ஒரு பொண்ணு ரெண்டாவதை டிக் பண்ணா மார்க் போயிடும், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாததால இல்ல, தெரிஞ்சதாலயே. இதை ஒருத்தர் அந்த ரூம்ல ரெண்டே நிமிஷத்துல பிடிச்சிட்டாரு. டிஸ்ட்ராக்டர்னா தப்பா இருந்தா மட்டும் போதாது, உலகத்துல எங்க இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க பார்த்தாலும் தப்பா இருக்கணும், அதே சமயம் அரைகுறையா தெரிஞ்சவங்களுக்கு சரி மாதிரி தோணணும். ஒரு நல்ல டிஸ்ட்ராக்டர் எழுத அரை நாள் ஆகுதுன்னு சொன்னா வெளியில யாரும் நம்ப மாட்டாங்க.

ரீடிங்ல இன்னொரு செக் பண்ணுவாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. பாசேஜை மறைச்சிட்டு கேள்வியையும் ஆப்ஷனையும் மட்டும் காட்டுவாங்க. தேனீ பத்தி ஒரு பாசேஜ்னு வைங்க, விவசாயிங்களுக்கு தேனீ ஏன் முக்கியம்னு கேள்வி, மகரந்தச் சேர்க்கைன்னு ஒரு ஆப்ஷன். பாசேஜை ஒரு வரி கூடப் படிக்காம எல்லாரும் கரெக்டா போட்டுடுவாங்க. அப்போ அது ரீடிங் டெஸ்ட்டே இல்ல, பொது அறிவு டெஸ்ட். தூக்கி எறியணும். இதே மாதிரி கீ மட்டும் மத்த ஆப்ஷனை விட நீளமா இருக்கா, பாசேஜ்ல இருக்கிற வார்த்தை அப்படியே கீயில வருதா, ஒரு கேள்வியோட விடை இன்னொரு கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கான்னு வரிசையா பார்ப்பாங்க. இதுல பழகினப்புறம் எந்தப் பரீட்சைத் தாளையும் பழைய கண்ணால பார்க்கவே முடியாது.

டாபிக் தேடுறதுதான் எதிர்பார்க்காத கஷ்டம். சாவு, வியாதி, போர், மதம், அரசியல், குடி எல்லாம் பெரும்பாலும் ஆகாது. அப்பா அம்மாவை சமீபத்துல இழந்த ஒருத்தர் டெஸ்ட் ஹால்ல உக்காந்து ஆஸ்பத்திரி பாசேஜைப் படிக்க வேண்டி வந்தா அது அவரோட இங்கிலீஷை அளக்காது இல்லையா. பனிச்சறுக்கு, பேஸ்பால் மாதிரி சில நாட்டுக்காரங்களுக்கு மட்டும் பழக்கமான விஷயமும் கூடாது. மிச்சம் இருக்கிறதுல சுவாரஸ்யமா, உண்மையா, உலகம் முழுக்க யாருக்கும் பாதகமா சாதகமா இல்லாம ஒரு முன்னூறு வார்த்தை எழுதணும். அதனாலதான் இந்த டெஸ்ட்ல எல்லாம் எப்பப் பார்த்தாலும் பறவை, பாலம், பழைய கட்டடம்னே வருது.

பழைய கதையையும் கொஞ்சம் சொல்லிக் குடுத்தாங்க, அது வேலைக்கு உதவுச்சு. கேம்பிரிட்ஜ்ல ப்ரொஃபிஷியன்ஸி பரீட்சை 1913-ல ஆரம்பிச்சப்போ எழுதினது மொத்தம் மூணே பேரு, கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஃபிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்ப்பு, கட்டுரை, ஒலிப்பியல்னு எல்லாம் இருந்துச்சு, மூணு பேருமே பாஸ் ஆகல. அடுத்து ராபர்ட் லாடோ 1961-ல மொழியைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு அளக்கிற வழியைப் புத்தகமாவே போட்டாரு, 1964-ல டோஃபல் வந்துச்சு, 1989-ல ஐஎல்ட்ஸ் இப்போ இருக்கிற பேர்ல வந்துச்சு. 2005-ல வந்த டோஃபல் ஐபிடில (இன்டர்நெட் வழியா எழுதுற டோஃபல்) படிச்சதையும் கேட்டதையும் சேர்த்துப் பேசு, எழுதுன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் தெரிஞ்சா ஸ்பெக்ல இருக்கிற ஒவ்வொரு ரூலும் ஏதோ ஒரு பழைய பிரச்சனைக்கு வந்த பதில்னு புரியும்.

ரைட்டிங், ஸ்பீக்கிங் மார்க் போடுறதையும் கொஞ்ச நாள் பார்க்க விட்டாங்க. எல்லாரும் ஒரே கட்டுரையைப் படிச்சு தனித்தனியா மார்க் போட்டு, அப்புறம் ஏன் நீ நாலு நான் மூணுன்னு வாதம் பண்ணி ஒரே அளவுக்கு வருவாங்க. நல்ல அனுபவம்தான், ஆனா இன்டர்னுக்கு நிஜ மார்க் போடுற பொறுப்பு குடுக்கல, குடுக்கவும் கூடாது.

இப்போ டேட்டா. இங்கதான் என் பெரிய குறையும் இருக்கு. எழுதின ஐட்டத்தை நேரா டெஸ்ட்ல வைக்க மாட்டாங்க, முதல்ல மார்க் சேராம நிஜ ஆளுங்ககிட்ட போட்டுப் பார்ப்பாங்க. எத்தனை சதவீதம் பேர் சரியா போட்டாங்கங்கிறது ஃபெசிலிட்டி. மொத்த டெஸ்ட்ல நல்லா பண்ணவங்க இந்த ஐட்டத்துலயும் நல்லா பண்ணாங்களாங்கிறது டிஸ்க்ரிமினேஷன். ஃபெசிலிட்டி 0.95-னா, அதாவது 95 சதவீதம்னா, கிட்டத்தட்ட எல்லாருமே சரியா போட்டுட்டாங்க, அந்த ஐட்டம் யாரையும் பிரிச்சுக் காட்டல. டிஸ்க்ரிமினேஷன் 0.2-க்குக் கீழ போனா பொதுவா சந்தேகப் பட்டியல்ல சேர்த்துடுவாங்க, மைனஸ்ல வந்தா முதல் வேலையா கீயையே தப்பா போட்டுட்டோமான்னு செக் பண்ணுவாங்க. அதுக்கு மேல கேள்வியோட கஷ்டத்தையும் ஆளோட திறமையையும் ஒரே ஸ்கேல்ல வைக்கிற ராஷ் மாடல், 1960-ல டென்மார்க்காரர் கேயோர்க் ராஷ் வெளியிட்டது. ஆர்-ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர் தெரிஞ்சிருந்தா இதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். தெரியலன்னாலும் கத்துக் குடுப்பாங்க, ஆனா அடிப்படை புள்ளியியல் கூட இல்லாம போனா இந்தப் பகுதி தலைக்கு மேல போயிடும்.

குறை என்னன்னா, இன்டர்ன்ஷிப் எட்டுலேருந்து பத்து வாரம்தான். நீங்க எழுதின ஐட்டம் ரிவ்யூ, எடிட்டிங், சென்சிட்டிவிட்டி செக் (யாரையும் புண்படுத்துமான்னு பார்க்கிறது) எல்லாம் தாண்டி டேட்டா வரதுக்கு அதை விட நிறைய மாசம் ஆகும். அதனால உங்க ஐட்டம் எப்படி வேலை செஞ்சுதுன்னு பார்க்கிறதுக்குள்ள நீங்க கிளம்பியிருப்பீங்க. எங்களுக்கு பழைய ஐட்டம்களோட டேட்டாவைக் காட்டினாங்க, அது உபயோகமாத்தான் இருந்துச்சு, ஆனா மத்தவங்க எழுதினதோட நம்பரைப் பார்க்கிறதும் நாம ராத்திரி பகலா யோசிச்சு எழுதினதோட நம்பரைப் பார்க்கிறதும் ஒண்ணா? சமைச்சவங்களை சாப்பிடுறவங்க முகத்தைப் பார்க்க விடாம அனுப்புற மாதிரி இருந்துச்சு எனக்கு. ஐட்டத்தைக் காட்ட வேணாம், வெறும் நம்பரை மட்டும் பின்னாடி ஒரு மெயில்ல அனுப்பினா கூடப் போதும், ரகசியமும் கெடாது. இதை வெளியேறும்போது எழுதிக் குடுத்தேன், பார்க்கிறோம்னாங்க.

இன்னொண்ணு, வெளியில காட்ட கையில எதுவும் இருக்காது. எழுதின எல்லாமே அவங்க சொத்து, ஒரு ஐட்டத்தைக் கூட போர்ட்ஃபோலியோவுல வைக்க முடியாது. அதனால ரிசர்ச் ப்ராஜெக்ட் ஏதாவது சேர்த்துக் குடுக்கிற இடமா பாருங்க, கடைசி வாரம் ஒரு ப்ரசன்டேஷன், முடிஞ்சா ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பர்னு ஏதாவது கிடைக்கும். ஐட்டம் ரைட்டிங் மட்டும்னா நாலாவது வாரத்துக்கு மேல ஒரே மாதிரி போயிட்டே இருக்கும், அதுவும் லிசனிங் ஸ்கிரிப்ட்டுக்கு ரெண்டு பேர் இயல்பா பேசுற மாதிரி உரையாடல் எழுதிட்டே இருந்தா ஒரு கட்டத்துல மூளை காலி ஆயிடும்.

சம்பளம் பத்தி தெளிவா சொல்லணும். இந்த வேலையை சும்மா செய்யாதீங்க. அனுபவம் கிடைக்கும், சர்டிஃபிகேட் குடுப்போம்னு சொல்லி காசில்லாம ஐட்டம் எழுத வைக்கிற இடங்களும் இருக்கு. நீங்க எழுதுற ஐட்டம் டெஸ்ட்ல வரும், அந்த டெஸ்ட்டுக்கு மாணவர்கள் காசு கட்டுவாங்க, உரிமை முழுக்க கம்பெனிக்குப் போயிடும், அப்புறம் எழுதினவங்களுக்கு மட்டும் ஏன் இலவசம்? சம்பளம் குடுக்கிற இடத்துல இன்னொரு நல்லதும் நடக்குது, உங்க நேரத்துக்குக் காசு போகுதுன்னதும் சூப்பர்வைசர் உக்காந்து ஃபீட்பேக் குடுக்கிறாங்க, ஜெராக்ஸ் எடுக்கிற வேலை எல்லாம் உங்க தலையில விழறதில்ல. எனக்கு மணிக்கணக்குல சம்பளம், சரியான தேதிக்கு வந்துடுச்சு, அந்த விஷயத்துல ஒரு குறையும் இல்ல. தங்குற செலவு குடுப்பாங்களாங்கிறது இடத்துக்கு இடம் மாறும், அதைக் கழிச்சுதான் லாபமா நஷ்டமான்னு கணக்குப் போடணும். படிக்கிற நாடும் இன்டர்ன்ஷிப் நாடும் ஒண்ணா இருந்தாலும் வெளிநாட்டு ஸ்டூடண்ட்னா வேலை அனுமதி விஷயத்தை ஆஃபர் வர்றதுக்கு முன்னாடியே உங்க காலேஜ் ஆஃபீஸ்ல கேட்டு வச்சுக்கோங்க, அந்த பேப்பர் வேலைக்கு நேரம் பிடிக்கும்.

அப்ளிகேஷன் எல்லாம் பெரும்பாலும் வருஷ ஆரம்பத்துலயே மூடிடும், சம்மர் வந்தப்புறம் தேடினா ஒண்ணும் இருக்காது. தேர்வு பண்றப்போ ஒரு சாம்பிள் ஐட்டம் எழுதச் சொல்லுவாங்க. இங்கிலீஷ் தாய்மொழி இல்லையேன்னு தயங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், எங்க குரூப்புல சரியா தப்பைப் பிடிச்சவங்க நிறைய பேர் இங்கிலீஷை பின்னாடி கத்துக்கிட்டவங்கதான். கத்துக்கிறவங்க எங்க தடுமாறுவாங்கன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், டிஸ்ட்ராக்டர் எழுத அதுதான் வேணும். பாடம் நடத்தின அனுபவம் ஒரு வருஷம் இருந்தாலும் அதை அப்ளிகேஷன்ல பெருசா எழுதுங்க.

இன்டர்வியூல நீங்களும் கேள்வி கேளுங்க. ரிவ்யூ மீட்டிங்ல இன்டர்ன் உக்காரலாமா, டேட்டா பார்க்க விடுவீங்களா, என் ஐட்டத்துக்கு எழுத்துல ஃபீட்பேக் வருமான்னு கேளுங்க. இப்போ மெஷின் ஐட்டம் எழுதுற காலம் வேற, அதனால மெஷின் எழுதினதைத் திருத்துற வேலை மட்டும்தானா, சொந்தமா எழுதவும் விடுவீங்களான்னும் சேர்த்துக் கேளுங்க. திருத்துறதும் நல்ல வேலைதான், ஆனா முதல்ல நாமளே பத்து ஐட்டம் எழுதி அடி வாங்கினாதான் அடுத்தவங்க ஐட்டத்துல ஓட்டை எங்க இருக்குன்னு கண்ணுக்குப் படும். ரிவ்யூ மீட்டிங்குக்கு இன்டர்ன் வரக்கூடாதுன்னு சொல்ற இடமா இருந்தா சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாலும் நான் போக மாட்டேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கிறேன். அந்த நம்பர் மெயில் வந்திருந்தா அஞ்சு.