கோணம் மட்டும் கையில்: எகலுண்டா, கால்மனா, துகளா?

நீர்மூழ்கிக் கப்பலின் பாசிவ் சோனார் வெறும் காது. ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அருகே மெதுவாகப் போகும் கப்பலும் தொலைவில் வேகமாகப் போகும் கப்பலும் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே கோணங்களைத் தரலாம். நாம் ஒரே வேகத்தில் நேராகப் போகும்வரை எந்தக் கணக்காலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே எந்த முறையானாலும் முதலில் நம் கப்பல் திரும்பியாக வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் ஜான் எகலுண்ட் 1958-ல் தந்த முறை இந்தத் திருப்பத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிடுகிறது. பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே நம் வேகம் திருப்பத்தில் எவ்வளவு மாறியதோ, அதைக் கோணம் மாறும் வேகத்தில் வந்த வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வலப்பக்கம் 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்), திரும்பியபின் இடப்பக்கம் 6 நாட் என்றால் வித்தியாசம் 12. கோணத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வித்தியாசம் வந்தால், டிகிரியை ரேடியனாக்கி அலகுகளைச் சரிசெய்தபின் தூரம் சுமார் 10.6 கிலோமீட்டர். காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் 2 டிகிரியை 1.5 என்று அளந்துவிட்டால் விடை 14.1 ஆகிவிடும், 2.5 என்றால் 8.5. சிறிய பிழைக்கு இவ்வளவு பெரிய விலை. நாம் பின்தொடரும் இலக்குக் கப்பலும் அதே நேரத்தில் திரும்பிவிட்டால் கணக்கே போச்சு.

கால்மன் ஃபில்டர் அளவீடு வர வர விடையைத் திருத்திக்கொண்டே போகும். ஆனால் அதைச் சாதாரண எக்ஸ்-ஒய் ஆயங்களில் எழுதினால், நாம் திரும்பும் முன்பே தூரம் தெரிந்துவிட்டதாக நம்பிவிடும். பிறகு உண்மையான தகவல் வந்தாலும் ஏற்காது. ஆய்வாளர் ஐடாலா 1979-ல் இந்தச் சிக்கலை அலசினார். 1983-ல் அவரும் ஹாமெலும் வேறு நான்கு அளவுகளுக்கு மாறினார்கள்: கோணம், அது மாறும் வேகம், தூரம் மாறும் வேகத்தைத் தூரத்தால் வகுத்தது, 1-ஐத் தூரத்தால் வகுத்தது (1/தூரம்). முதல் மூன்றும் திரும்பாமலேயே தெரியவரும். நான்காவது மட்டும் திருப்பத்துக்காகக் காத்திருக்கும். தெரிந்ததையும் தெரியாததையும் இவ்வளவு சுத்தமாகப் பிரிப்பதால்தான் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

துகள் வடிகட்டியை (பார்ட்டிகிள் ஃபில்டர்) கோர்டன், சால்மண்ட், ஸ்மித் மூவரும் 1993-ல் முன்வைத்தபோது, காட்டிய உதாரணங்களில் ஒன்று கோணத்தை மட்டும் வைத்துக் கப்பலைப் பின்தொடரும் இதே சிக்கல்தான். ஆயிரக்கணக்கான ஊகங்களை ஓடவிட்டு, கோணத்தோடு பொருந்தாதவற்றைக் கழித்துவிடும். 'இவ்வளவு வேகத்துக்கு மேல் கப்பல் போகாது' போன்ற நிபந்தனைகளைச் சேர்ப்பது இதில் எளிது. கணினிச் சுமை அதிகம்.

என் தேர்வு ஐடாலா–ஹாமெல் வடிவத்தைத் தொடர்ந்து ஓடவிடுவது. அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் எகலுண்ட் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் பெரிதாக முரண்பட்டால், இலக்கு திரும்பிவிட்டதா என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.